மேட்ச் எப்பப்பா முடியும்?

கிரிக்கெட்டைப் பற்றி உருப்படியாகக் கேள்வி கேட்டவர் என்று பார்த்தால், எனக்குத் தெரிந்து எங்கள் அத்தை ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் ஸ்கோர் கேட்பார்கள். அத்தைக்கு ஸ்கோர் தேவையில்லை. இழுத்துக்கொண்டே போனால் ஒளியும் ஒலியும் பார்க்க முடியாமல் போய்விடுமே என்ற கவலையில், "மேட்ச் எப்பப்பா முடியும்?" என்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள் லண்டனிலும் துபாயிலும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்பது அத்தைக்குத் தெரியாது. 1877-ல் மெல்போர்னில் முதல் டெஸ்ட் ஆடியபோதே, ஆரம்பிப்பது எப்படி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காசைச் சுண்டினால் ஆயிற்று. முடிப்பதில்தான் சிக்கல்.

உதாரணத்துக்கு 1939-ல் டர்பனில் நடந்த கூத்து. தென்னாப்பிரிக்காவில் சுற்றுப்பயணம் வந்த இங்கிலாந்து 1-0 என்று முன்னணியில் இருந்தது. கடைசி டெஸ்டிலாவது ஒரு முடிவு தெரிந்தே தீர வேண்டும் என்று, நாள் கணக்கே வைக்காமல் ஆடுவதாக ஏற்பாடு. யாராவது ஜெயிக்கும்வரை ஆட்டம் நடக்கும். மார்ச் 3-ம் தேதி ஆரம்பித்தார்கள். தென்னாப்பிரிக்கா முதல் இன்னிங்ஸில் 530 எடுத்தது. அவசரம் என்ன இருக்கிறது? ஆற அமர ஆடினார்கள். இங்கிலாந்து 316-க்குச் சுருண்டது. தென்னாப்பிரிக்கா மறுபடி ஆடி 481 எடுத்தது. ஜெயிக்க 696 ரன் எடு என்று இங்கிலாந்திடம் சொல்லிவிட்டார்கள். படித்துப் பார்க்கும் நமக்கே மூச்சு முட்டுகிறது.

ஆனால் வருண பகவான் பேட்ஸ்மேன்கள் பக்கம் இருந்தார். இத்தனை நாள் மிதிபட்ட பிட்ச் இனி வெடிக்கும், பந்து திரும்பும் என்று பவுலர்கள் ஆசையோடு காத்திருந்தார்கள். ராத்திரி மழை பெய்யும், காலையில் ரோலரை உருட்டுவார்கள், பிட்ச் பழையபடி ஆடுவதற்குத் தோதாகிவிடும். அதுவரை டெஸ்டில் ரன்னே வராமல் திண்டாடிக்கொண்டிருந்த பில் எட்ரிச் என்பவர் சாவகாசமாக 219 அடித்தார். கேப்டன் ஹாமண்ட் 140. நடுவில் ஒரு நாள் முழுக்க மழைக்குப் போயிற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் வந்து போயிற்று.

மார்ச் 14. இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654. இன்னும் 42 ரன் எடுத்தால் உலகம் அதுவரை பார்த்திராத வெற்றி. மேகம் திரண்டு மழை கொட்டுகிறது. கொட்டினால் என்ன, நாளைக்கு ஆடலாமே, நாள் கணக்குத்தான் கிடையாதே என்பீர்கள். கேப் டவுனில் கப்பல் புறப்படத் தயாராக நிற்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அன்று ராத்திரியே டர்பனில் ரயில் ஏறியாக வேண்டும். பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் "கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு" என்று இலையை மூடி எழுந்திருக்கிற உறவினர் மாதிரி இங்கிலாந்து அணி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. மொத்தம் 1,981 ரன். முடிவு டிரா. முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்று வைத்த ஆட்டம் இது என்பதை மறந்துவிடாதீர்கள். அதன்பிறகு நாள் கணக்கில்லாமல் டெஸ்ட் ஆடும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

இதை நான் அத்தையிடம் சொன்னபோது அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "கப்பல் எப்பன்னு முதல்லயே கேட்டுட்டு ஆட உக்காந்திருக்கக் கூடாதா?"

இரண்டு நாட்டுக் கிரிக்கெட் வாரியங்களிலும் ஒரு அத்தை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சரி, அது மழையும் கப்பலும் செய்த வினை. வெயிலே கதியான நம் சேப்பாக்கத்தில் என்ன ஆயிற்று? 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியா வந்தது. டீன் ஜோன்ஸ் அந்தப் புழுக்கத்தில் வாந்தி எடுத்து எடுத்து 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். அதே வெயிலில் கிரெக் மாத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார். ஏன் என்று கேட்காதீர்கள். சில மனிதர்கள் அப்படித்தான். ஐந்தாம் நாள் இந்தியாவுக்கு 348 இலக்கு. கவாஸ்கர் 90 அடித்தார். கடைசி ஓவரை வீச வந்தவர் அந்த ஸ்வெட்டர்காரர்தான். 4 ரன் தேவை, ஒரு விக்கெட் மிச்சம். சாஸ்திரி முதலில் இரண்டு, அடுத்து ஒன்று எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு எதிர்முனைக்குப் போனார். மணிந்தர் சிங் ஐந்தாவது பந்தில் எல்பிடபிள்யூ. டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் பேச்சு மூச்சில்லாமல் இருந்தோம்.

"யாருப்பா ஜெயிச்சா?"

"யாரும் இல்ல அத்தை. டை ஆயிடுச்சு."

"டிராவா?"

"டிரா வேற. டிராவுல யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"டையில?"

"டையிலயும் யாரும் ஜெயிக்க மாட்டாங்க. ஆனா அது வேற, இது வேற."

டெஸ்ட் சரித்திரத்திலேயே இரண்டாவது முறையாகத்தான் இப்படி நடக்கிறது, முதல் தடவை 1960-ல் பிரிஸ்பேனில், என்று தொடர்ந்தேன். அத்தை அரிசி களையப் போய்விட்டார். அஞ்சு நாள் உழைத்துவிட்டு ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்கிறவர்களோடு தனக்குப் பேச்சில்லை என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

ஒரு நாள் ஆட்டம் வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்றார்கள். அதுவே மழையில் பிறந்த பிள்ளைதான். 1971 ஜனவரியில் மெல்போர்ன் டெஸ்ட் மழையில் அடித்துக்கொண்டு போனதால், ஆளுக்கு 40 ஓவர் என்று ஒப்புக்கு ஒரு ஆட்டம் வைத்தார்கள். அதுதான் முதல் சர்வதேச ஒரு நாள் ஆட்டம். பெற்ற கடனைத் தீர்க்கவோ என்னவோ, மழை அதை விடாமல் துரத்தியது. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை. சிட்னியில் சிறு தூறல். கூட்டிக் கழித்துவிட்டு ஸ்கோர்போர்டில் போட்டார்கள்: 1 பந்தில் 22. உண்மையில் 21தான், தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்த ஒரு ரன் குறைந்ததில் தென்னாப்பிரிக்காவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

அதற்கப்புறம் டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு புள்ளியியல் நிபுணர்கள் வந்து, மீதமுள்ள ஓவரையும் விக்கெட்டையும் வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதைப் படிப்பவர்களுக்குத்தான் கண் தெரியவில்லை. 2003 உலகக் கோப்பை. மறுபடி அதே டர்பன் மைதானம், அதே மார்ச் 3. மழை மிரட்டுகிறது. 229 எடுத்தால் போதும் என்று உள்ளேயிருந்து தகவல் வர, பவுச்சர் முரளிதரனை ஒரு சிக்ஸர் அடித்து 229-க்குக் கொண்டுவந்துவிட்டு, அடுத்த பந்தைப் பத்திரமாகத் தடுத்து வைத்தார். மழை கொட்டியது. ஆனால் 229 என்பது சமன் செய்வதற்கான ரன். ஜெயிக்க 230 வேண்டும். தென்னாப்பிரிக்கா தன் சொந்த ஊரில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து வெளியே போயிற்று.

ஆனாலும் அத்தையின் மேதைமை எனக்குத் தெரியவந்தது அதற்கு முந்தைய வருஷம்தான். 2002 செப்டம்பர், கொழும்பில் சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். இலங்கை 50 ஓவர் ஆடி 244. இந்தியா இரண்டே ஓவர் ஆடியதும் மழை. பரவாயில்லை, மாற்று நாள் இருக்கிறது. மறுநாள் டிவியைப் போட்டால் இலங்கை மறுபடியும் பேட்டிங் செய்கிறது. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவங்கதானே நேத்தும் ஆடினாங்க?"

"நேத்து ஆடினது கணக்குல இல்ல அத்தை. முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க."

"எதுக்கு? அவங்க நேத்தே ஆடி முடிச்சாச்சு. இன்னைக்கு இவங்க ஆடிட்டா தீர்ந்துது."

விதிமுறை அப்படி இல்லை என்று விளக்கினேன். இலங்கை இன்னொரு 50 ஓவர் ஆடி 222 எடுத்தது. இந்தியா ஒன்பதாவது ஓவரை முடிப்பதற்குள் மழை. இரண்டு நாளில் 110 ஓவருக்கு மேல் வீசியாயிற்று. ஒரு இறுதி ஆட்டத்துக்கு 100 போதும். கோப்பையை இரண்டு கேப்டன்களும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அத்தை சொன்னது பிற்பாடு அமலுக்கு வந்தது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் நியூஸிலாந்தின் இன்னிங்ஸ் 46.1 ஓவரில் மழையால் நின்றது. மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்கள். தோனி ரன் அவுட் ஆகி இந்தியா 18 ரன்னில் தோற்றது. அத்தையின் யோசனையால் தேசத்துக்கு ஏற்பட்ட ஒரே நஷ்டம் இது.

அதே உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பேரும் 241. சூப்பர் ஓவரிலும் இரண்டு பேரும் 15. அதிக பவுண்டரி அடித்தது இங்கிலாந்து என்று கோப்பையைத் தூக்கிக் கொடுத்தார்கள். "அப்ப ஓடி ஓடி எடுத்தவன் முட்டாளா?" என்றார் அத்தை. மூன்று மாதத்தில் ஐசிசி அந்த விதியை எடுத்துவிட்டது. இனிமேல் ஒருவர் ஜெயிக்கும்வரை சூப்பர் ஓவர் மேல் சூப்பர் ஓவர் என்று மாற்றினார்கள். சுற்றி வளைத்து, 1939-ன் டர்பனுக்கே திரும்பி வந்துவிட்டார்கள் என்று எனக்குப் பகீரென்றது.

2024 காணும் பொங்கலன்று ராத்திரி அது நடந்தும்விட்டது. பெங்களூரில் ஆப்கானிஸ்தானோடு டி20. இரண்டு அணியும் 212. சூப்பர் ஓவரில் ஆளுக்கு 16. ரோஹித் சர்மா கடைசிப் பந்துக்கு முன்னால் அவுட் ஆகாமலே தானாக வெளியே போய், வேகமாக ஓடக்கூடிய ரிங்கு சிங்கை உள்ளே அனுப்பியிருந்தார். பிறகு இரண்டாவது சூப்பர் ஓவர். வீட்டில் எல்லோரும் கரும்புச் சக்கையோடு தூங்கிவிட்டார்கள். எண்பதை எட்டப்போகும் அத்தை மட்டும் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரோஹித் மறுபடியும் பேட்டோடு வந்தார்.

"ஏம்பா, இவன் இப்பத்தானே 'எனக்கு முடியலை'ன்னு வெளிய போனான்?"

"ஆமா அத்தை."

"போனவன் எப்படித் திரும்பி வரலாம்?"

நான் விதிப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். மறுநாள் காலையில் டிவியில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் உட்கார்ந்து இதையேதான் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வால்யூமைக் கூட்டச் சொன்னார்.