பட்டினியில் பூக்கும் செடி

கேள்வி: பூச்சி தின்னும் செடியை வீட்டில் வளர்த்தால் கொசுத்தொல்லை தீருமா? என்ன உரம் போடலாம்?

பதில்: கொசுவுக்குக் கொசுவலைதான். பூச்சி தின்னும் செடிகளில் ஒன்றான, தென்னாப்பிரிக்காவின் யூட்ரிகுலேரியா சாண்டர்சோனியையே பாருங்கள்: முயல் முகம்போல் குட்டிப் பூ பூக்கும். ஆனால் அதன் வாய்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டாத பைகள், ஈரமண்ணில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண் இமைப்பதற்குள் உறிஞ்சிக்கொள்ளும். சத்தில்லாத மண்ணில் பிழைக்கத்தான் இந்த வேட்டை. உரம் கொடுத்தால் செழிக்காதா என்பீர்கள். பட்டினிக்குப் பழகிய உடம்புக்கு விருந்தே விஷம், செடி கருகிவிடும். உப்பேறிய போர்வெல் தண்ணீரும் அப்படித்தான். எந்நேரமும் ஈரமென்றால் வேர் அழுகாதா? இதற்கு வேரே கிடையாது! பீட் பாசியும் கழுவிய மணலும் கலந்து, தட்டில் மழைநீர் தேக்கி, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். நர்சரியில் வாங்குங்கள், காட்டிலிருந்து மட்டும் பிடுங்கி வராதீர்கள்.