குடும்பக் குழுவில் கொள்கைப் போர்

பிதாவுக்கும் பிள்ளைக்கும் அரசியலில் அபிப்பிராய பேதம் உண்டாவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1967-ஆம் வருஷத் தேர்தலில், கதர்ச் சட்டைத் தகப்பனார் காமராஜரின் கட்சிக்கு வாக்களித்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்க, கல்லூரியில் வாசித்த குமாரன் ரூபாய்க்கு மூன்று படி அரிசி வரப்போவதை வர்ணித்துக்கொண்டு வீதி சுற்றிய வீடுகள் அநேகம். அந்தக் கலகமெல்லாம், ரசம் ஊற்றுகிற சமயத்தில் தாயார் பார்க்கும் ஒரு பார்வையில் அடங்கிவிடும்.

அந்தக் குமாரன்தான் இன்று எண்பதை நெருங்கும் பெரியவராகி, விடியற்காலையில் எழுந்து, பல கை மாறியதற்கு அடையாளமான இரட்டை அம்புக்குறி தாங்கிய அரசியல் சேதியொன்றை, அதன் மூலம் யாது என்ற விசாரமே இன்றி, வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் பிரதிஷ்டை செய்கிறார். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் குமாரத்தி அது பொய்யென்று ஆதாரத்தோடு நிரூபித்தால், பதிலாகக் கிடைப்பது ஒரு கும்பிடும், ரோஜாப்பூவுடன் கூடிய காலை வணக்கமுமே. அவள் கோபித்துக் குழுவை விட்டு வெளியேறுவாள். நிர்வாகி ஸ்தானம் வகிக்கும் சித்தப்பா, சமாதானம் எதுவும் சொல்லாமலே, அவளை மாலைக்குள் மறுபடி சேர்த்துவிடுவார்.

இப்படிப் பலமுறை சுற்றிவந்த சேதியை ஒரு சமயத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாமென்று வாட்ஸ்அப் கம்பெனியார் 2020-இல் கட்டுப்பாடு விதித்தார்கள். ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு எவ்வளவு அவகாசம் உண்டென்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.