ஓரத்தில் எழுதியோர்: பாப்பாரப்பட்டி வாசகர் மதம் குறித்த ஓர் ஆய்வு

சரித்திரம் எழுதியவர்களைப் பற்றி ஆய்வு உண்டு. சரித்திரத்தில் இடம்பெற்றவர்களைப் பற்றியும் உண்டு. அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்து, ஓரத்தில் 'தவறு' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவரைப் பற்றி மட்டும் ஆய்வுலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை நீக்கத் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியைக் களமாகக் கொண்டு எழுந்தது இக்கட்டுரை.

களம் ஏன் பாப்பாரப்பட்டி என்று கேட்கலாம். வேறு ஊர்க்காரர்கள் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கிறார்கள், பாப்பாரப்பட்டிக்காரர்கள் சரிபார்க்கிறார்கள். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் கடைசிக் காலத்தில் வந்து தங்கி, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பப் பாடுபட்டு, 1925 ஜூலை 23 அன்று கண்மூடியது இந்த ஊரில். அவருடைய நினைவிடமும் இங்கேதான். புத்தகத்தின் கடைசி அத்தியாயம் எந்த மண்ணில் நடந்ததோ அந்த மண்ணில் நின்றுகொண்டு அதைப் படிக்கிறவருக்குக் கொஞ்சம் அதிகாரம் வந்துவிடுவது இயல்பு. வீட்டு உரிமையாளரை முன்னால் வைத்தே பத்திரம் வாசித்தால் எழுத்தருக்குக் குரல் நடுங்கும் அல்லவா, அந்த நடுக்கம் சரித்திர ஆசிரியர்களுக்கு இங்கே வர வேண்டும்.

தரவுகள் மூவகை: பல கை மாறிய புத்தகங்களின் பக்க ஓரங்கள், அவற்றின் கடைசி வெற்றுத்தாள்கள், டீக்கடை பெஞ்சு. மூன்றில் பெஞ்சே நம்பகமானது. ஓரத்தில் எழுதுகிறவர் பெயர் போடுவதில்லை. பெஞ்சில் பேசுகிறவர் எழுந்து போவதில்லை.

கோட்பாட்டுக்கு ஆய்வாளர் மேல்நாட்டுக்குப் போகவில்லை. வாசகர் கருத்தை வகைப்படுத்துவதற்கு வேண்டியதெல்லாம் பவணந்தி முனிவரின் நன்னூலில் இருக்கிறது. நூலாசிரியன் கைக்கொள்ளும் மதம் ஏழு என்கிறார் அவர். மதம் என்பது இங்கே கொள்கை, சண்டை வேண்டாம். அந்நூலை எழுதச் சொன்னவன் கோலார்ப் பகுதிக் கங்கர் குடியில் வந்த சீயகங்கன். பாப்பாரப்பட்டியிலிருந்து பார்த்தால் சென்னையை விடக் கோலார் பக்கம். ஆகவே கோட்பாடும் ஏறக்குறைய உள்ளூர்ச் சரக்குதான்.

முதல் மதம் உடன்படல். இதில் ஆய்வதற்கு அதிகம் இல்லை. 'உண்மை', 'மிக அருமை', 'ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது' ஆகிய மூன்று தொடர்களோடு இது தீர்ந்துவிடும். மூன்றாவதை எழுதியவர் பெரும்பாலும் இருபதாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்பது, அதற்குப் பிறகு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதிலிருந்து தெரிகிறது.

இரண்டாவது மறுத்தல். இங்கேதான் இந்த ஊர் தலைநிமிர்ந்து நிற்கிறது. சிவா பெரும்பாலும் வ.உ.சி.யின் வாழ்க்கை வரலாற்றுக்குள் ஒரு துணைப் பாத்திரமாகத்தான் வருவார். தூத்துக்குடியில் பேசுவார், கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் துணைநிற்பார், கைதாவார்; பிறகு நூலாசிரியர் கப்பலோடு போய்விடுவார். இதை ஏற்காத வாசகர் ஒருவர், வயதில் மூத்தவர், தம் வாதத்தை ஒரு தீர்ப்பின் மேல் நிறுத்தினார்.

"தம்பி, 1908 ஜூலைல பின்ஹேங்கிற ஜட்ஜு வ.உ.சி.க்கு எவ்வளவு போட்டான்? ரெண்டு ஆயுள், நாப்பது வருஷம். ராஜதுரோகமாப் பேசுனதுக்கு இருவது. இன்னொரு இருவது எதுக்கு?"

"சிவாவுக்கு உடந்தையா இருந்ததுக்குங்க ஐயா."

"ஆங். தண்டனையில பாதி எங்க சிவா கணக்கு. அப்போ புஸ்தகத்துல பாதி எங்கப்பா?"

இதற்கு மறுமொழி சொல்ல ஆய்வாளரால் இயலவில்லை. சிவாவுக்குப் பத்தாண்டு என்றான தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது, வ.உ.சி.யின் தண்டனையும் அவ்வாறே குறைந்தது. ஆக, சட்டத்தின் முன் இருவரும் சமம். அட்டையின் முன் இல்லை.

இதே மதத்தின் கிளைவகை, திரைப்படத்தை மூலநூலாகக் கொண்டு புத்தகத்தை மறுப்பது. 1961-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாவாக நடித்தவர் டி.கே.சண்முகம். ம.பொ.சி.யின் புத்தகத்திலிருந்து படம் பிறந்தது என்பது வரலாறு. படத்தில் இருப்பது புத்தகத்தில் இல்லையென்றால் புத்தகம் தப்பு என்பது வாசகர் முறை. சோழர் கதையை நாவலாக்கிய கல்கிக்கும் இந்த மரியாதை உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற பழிக்கு ஆளானவர்கள் என்று உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானோர் பெயரைச் சொல்கிறது. நந்தினி என்ற பெயர் அதில் இல்லை, ஏனென்றால் அவள் கல்கியின் கற்பனை. ஆயினும் சோழர் வரலாறு ஒன்றின் ஓரத்தில் 'நந்தினியை மறைத்துவிட்டார்' என்ற குற்றச்சாட்டு நீல மையில் பதிவாகியிருக்கிறது. கல்வெட்டும் அந்தச் சதியில் கூட்டு என்றே கொள்ள வேண்டும்.

பிறர் கருத்தை முதலில் ஏற்று, பிறகு களைவது மூன்றாம் மதம். வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்த சிவாவின் தந்தை பெயர் ராஜம் ஐயர். அதே வத்தலக்குண்டுக்காரர் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜம் ஐயர். இரண்டையும் சேர்த்து, சிவாவை நாவலாசிரியரின் மகனாக்கிய ஒரு பென்சில் குறிப்புக்குக் கீழே, இன்னொரு கை அமைதியாக எழுதியிருந்தது: 'பெயர் சரி. ஊரும் சரி. ஆனால் நாவலாசிரியர் பிறந்தது 1872.' கழித்துப் பார்க்கும் வேலையை அது அடுத்த வாசகருக்கு விட்டிருந்தது. பன்னிரண்டு வயதுத் தகப்பனை இவ்வளவு நாகரிகமாக வெளியேற்றிய உரை பேராசிரியரிடத்தும் நச்சினார்க்கினியரிடத்தும் காணக் கிடைப்பது அரிது.

பிறர் நூலின் குற்றம் காட்டும் மதமும் அவ்வாறே மதிக்கத்தக்கது. சிறையில் ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்ததால் சிவாவுக்குத் தொழுநோய் வந்தது என்று ஒரு நூலைப் பார்த்து இன்னொரு நூல் எழுதிவருகிறது. சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் இந்த வரி வரும் இடத்திலெல்லாம் புத்தகத்தை மூடிவிடுவாராம். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது; நார்வேக்காரர் ஹான்சன் 1873-லேயே அதைக் கண்டு சொல்லிவிட்டார்; உடம்பில் புகுந்த பிறகு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். "செயில்ல தொத்திருக்கலாம், அது வேற. ரோமத்துல இருந்து வராதுங்க" என்றார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற விடாமல் தடுத்தார்கள், சிவா நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போனார் என்ற பகுதி வந்தால் மட்டும் அவர் திருத்தம் எதுவும் சொல்வதில்லை. மருந்தால் முழுக்கக் குணமாகும் நோய் இன்று. அதை ஆசிரியர்கள் ஒரு வரி எழுதினால் என்ன என்பது அவர் கேள்வி. ஆய்வாளருக்கும் அதே கேள்விதான்.

இருவர் மாறுபடும் இடத்தில் ஒருபக்கம் துணிவது, தானே ஒன்றை நாட்டித் தானே நிறுத்துவது, எவரோடும் சேராமல் தன் கொள்கையோடு இருப்பது ஆகிய மூன்று மதங்களுக்கும் பெஞ்சில் ஏராளமான சான்று உண்டு. டீ ஆறிவிடும் என்பதால் விடுகிறோம்.

இனி நூலக நெறி. பொதுச் சொத்தில் கிறுக்கலாமா என்று கேட்டபோது, ஒருவர் வீட்டு வரி ரசீதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1948-ல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டுகிறோம். இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. "வரி கட்டுறோமில்ல? ஓரத்துல நாலு வரி எழுதக் கூடாதா?" சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது அவற்றில் முதலாவது. இவ்வளவு பயன்பாட்டை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஓரக் குறிப்பை இழிவாக எண்ணவும் கூடாது. பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா, 1637 வாக்கில், ஒரு கணிதப் புத்தகத்தின் ஓரத்தில் 'நிரூபணம் இருக்கிறது, இடம்தான் போதவில்லை' என்ற பொருளில் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த நிரூபணம் ஆண்ட்ரூ வைல்ஸின் கையால் அச்சேற 1995 ஆயிற்று. பாப்பாரப்பட்டி வாசகர் ஒருவர் ஒரு பக்கத்தில் 'இதைப் பற்றி நிறையச் சொல்லலாம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். காத்திருக்கிறோம்.

இப்போது இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. பவணந்தியார் சொல்லாமல் விட்ட எட்டாவது மதம் ஒன்று உண்டு. மற்ற ஏழும் அதன் குட்டிகள். அது ஊர்-வரி. ஒரு வரலாற்று நூலில் தன் ஊர் எத்தனை வரி வருகிறது என்பதை வைத்தே அந்த நூலைப் பற்றிய கருத்து உருவாகிறது.

"புக்கு எப்படிங்க?"

"பரவால்லப்பா. ஒன்றரைப் பக்கம் வருது."

முழு விமர்சனமும் இதுதான். ஆனால் வரியை எண்ணினால் மட்டும் போதாது என்பதைக் களப்பணி காட்டியது. மதனின் 'வந்தார்கள் வென்றார்கள்' நூலை இங்கே ரசித்துப் படித்தவர்கள் உண்டு. டெல்லி சுல்தான்களும் முகலாயர்களும் பாப்பாரப்பட்டிக்கு வர வேண்டிய கடமை எதுவும் இல்லை. ஆகவே மனத்தாங்கலும் இல்லை. அசோகர் தம் கல்வெட்டில் சத்தியபுத்திரர் என்று ஒரே ஒரு சொல் போட்டார். அது இந்தப் பகுதியை ஆண்ட அதியமான் குடியைக் குறிக்கிறது என்பதற்கு 1981-ல் தெரியவந்த ஜம்பைக் கல்வெட்டு துணை நின்றது. ஒரு சொல்லுக்கே அசோகருக்கு இந்த மாவட்டத்தில் முழு மதிப்பெண். எதிர்பாராத இடத்தில் வந்தது அல்லவா! வர வேண்டிய இடத்தில் வராதபோதுதான் பேனா மூடி திறக்கிறது. சிவாவின் வாழ்க்கையை எழுதிவிட்டு 'இறுதியில் பாப்பாரப்பட்டியில் காலமானார்' என்று ஒரு வரியோடு முடித்த நூல்கள்தான் மிக அதிகமாக அடிக்கோடு வாங்கியவை. தர வேண்டிய வரியில் தந்த வரியைக் கழித்தால் வருவது வாசகரின் கோபம்.

இந்தச் சூத்திரத்தின்படி குறையே சொல்லப்படாத நூல் ஒன்று இருக்க வேண்டும். இருக்கிறது. முழுக்க முழுக்க இந்த வட்டாரத்தைப் பற்றியே பாடப்பட்ட 'தகடூர் யாத்திரை'. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்ற கதை. சில பாடல்கள் தவிர நூல் முழுதும் கிடைக்கவில்லை. அதைப் பற்றித் தருமபுரிக்காரர் எவரும் இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை.

ஆய்வின் போது தற்செயலாகத் தெரியவந்தது இன்னொன்று. தமிழில் வெகுசன வரலாற்று நூல்கள் பலவற்றுக்குக் கடைசியில் பெயரடைவு கிடையாது. உ.வே.சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது அகராதியும் அடைவும் சேர்க்க எவ்வளவு பாடுபட்டார் என்பதை அறிந்தவர்களுக்கு இது வெட்கக்கேடு. ஆனால் பயன் வேறு மாதிரி விளைகிறது. அடைவு இருந்தால் 'பா' வரிசையைப் பார்த்துவிட்டு அந்த ஒரு பக்கத்தோடு புத்தகத்தைத் திருப்பிவிடலாம். இல்லாததால், தன் ஊரைத் தேடிக்கொண்டு வாசகர் நானூறு பக்கத்தையும் படிக்கிறார். வழியில் ஆஷ் வருகிறார், பாரதி வருகிறார், சிவாவின் 'ஞானபாநு' இதழ் வருகிறது. பாரத மாதா கோயிலுக்கு 1923-ல் அடிக்கல் நாட்டிய சித்தரஞ்சன் தாஸ் 1925 ஜூன் 16 அன்று இறந்தார், சிவா அதன்பின் முப்பத்தேழு நாள்தான் இருந்தார் என்பதையெல்லாம் ஊரைத் தேடிய களைப்பிலேயே தெரிந்துகொண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வழக்கு. சிவா நூல்கள் சிலவற்றில் 'சேலம் மாவட்டம் பாப்பாரப்பட்டி' என்று அச்சாகியிருக்கும். எந்தப் பிரதியை எடுத்தாலும் 'சேலம்' அடிபட்டு மேலே 'தருமபுரி' என்று எழுதப்பட்டிருக்கும். மற்ற விஷயங்களில் ஒன்றுபடாத வாசகர்கள் இதில் ஒரே கட்சி. தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. சிவா இறந்தபோது பாப்பாரப்பட்டி சேலத்தில்தான் இருந்தது. ஆக, ஆசிரியர் சரித்திரப்படி சரி, வாசகர் பேருந்துப் பலகைப்படி சரி. இதை பெஞ்சில் எடுத்துச் சொல்லப் போன ஆய்வாளருக்கு, "நீங்க எந்த ஊருங்க?" என்ற கேள்வியே விடையாகக் கிடைத்தது.

எனவே சிவாவைப் பற்றி இனி எழுதப்போகும் ஆசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'அன்றைய சேலம் மாவட்டம், இன்றைய தருமபுரி மாவட்டம்' என்று முழுசாகவே போட்டுவிடுங்கள். மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டியோடு குழப்பிக்கொள்ளாமல் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பாப்பாரப்பட்டி வரும் பக்கத்தில் மட்டும் ஓரத்தைக் கொஞ்சம் அகலமாக விடுங்கள். எப்படியும் எழுதத்தான் போகிறோம்.