பூட்டிய பூட்டுக்கு ஒரு போட்டோ

ஓசிடி என்றால் அதீத சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் என் மேசையைப் பார்க்க வேண்டும். போன வருஷத்துச் செக்ரோல் தாளில் தேத்தண்ணிக் கறை, அதன்மேல் காய்ந்த ரொட்டித் துணுக்கு. கிருமிகளோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் கவலையெல்லாம் கதவு, கேஸ், தராசு. சுத்தக்காரன் என்ற நல்ல பெயரைக்கூட இந்த நோய் எனக்கு வாங்கித் தரவில்லை.

நோர்வூட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை உத்தியோகம். ஹட்டனுக்குப் பஸ் ஏறினால், டிக்கோயா வருவதற்குள் மண்டைக்குள் மணி அடித்துவிடும்: கேஸை மூடினியா? மூடினேன். திருகிய கைகூட ஞாபகத்தில் இருக்கிறது. ஆனால் அது இன்றைக்குத் திருகிய கையா, நேற்றுத் திருகிய கையா? டிக்கோயாவில் இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடிப்பேன். கண்டக்டர் தம்பிகள் என் ஊரே டிக்கோயா என்று முடிவுகட்டி, நான் வாய் திறக்குமுன் அந்த ஊருக்கே டிக்கெட் கிழித்துவிடுவார்கள்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். மழையில் நனைந்துகொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். நான் தராசைப் பார்ப்பேன், எழுதுவேன், எழுதியதைப் பார்ப்பேன், திரும்பவும் தராசைப் பார்ப்பேன். "ஐயா, முள்ளு அப்பவே நின்னுருச்சு. நீங்கதான் இன்னும் ஆடிக்கிட்டு இருக்கீங்க" என்று ஒரு அக்கா சொன்னார். வரிசையே சிரித்தது. நான் அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் முள்ளை ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

இதனால் தோட்டத்தில் எனக்கு "நேர்மையான ஐயா" என்று பெயர். ஒரு கிலோவைக்கூடக் குறைக்க மாட்டாராம். அது நேர்மை இல்லை, வெறும் பயம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வைத்தியத்தையும் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். முதல் ஐடியா போட்டோ. பூட்டியதும் பூட்டை ஃபோனில் படமெடுத்துக்கொண்டால் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே! கொஞ்ச நாள் அற்புதமாக வேலை செய்தது. அப்புறம், இது இன்றைய பூட்டா என்று தேதியைப் பார்த்தேன். தேதி சரி, படமெடுத்த பிறகு பூட்டை இழுத்துப் பார்த்தபோது அது திறந்துகொண்டிருந்தால்? அதற்கு வீடியோ. இப்போது என் ஃபோனில் பிள்ளைகளின் படங்களுக்கு இடமில்லை.

அம்மா கோடாங்கியிடம் மந்திரித்து ஒரு கயிறு வாங்கி வந்தார். கட்டிக்கொண்டேன். கயிறு அவிழ்ந்துவிட்டதா என்று சட்டைக்கையைத் தூக்கிப் பார்க்கும் புதுப் பழக்கம் அன்றைக்கே ஆரம்பித்தது.

பிறகு புத்தகம். அமெரிக்க மனநல மருத்துவர் ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸ் 1996இல் எழுதியது, பெயர் 'பிரெய்ன் லாக்'. பெயரிலேயே பூட்டு இருந்ததால் நமக்காகவே எழுதியதென்று எடுத்துக்கொண்டேன். "இது நான் இல்லை, என் ஓசிடி" என்று பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டுமாம். உடனே ஓடிப்போய்ச் செக் பண்ணாமல், வேறொரு வேலையில் 15 நிமிஷம் போக்க வேண்டுமாம். நான் அந்த 15 நிமிஷமும் சரியாக ஓடுகிறதா என்று கடிகாரத்தைப் பார்ப்பதையே வேறொரு வேலையாக வைத்துக்கொண்டேன்.

ஓசிடி ஆராய்ச்சியில் நம் நாட்டு ஆள் ஒருவரும் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்மல் டி சில்வா. இலங்கையில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த உளவியலாளர். 1978இல் ஸ்டான்லி ராக்மனோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். கேஸ் திறந்திருக்குமோ, யாரையாவது தள்ளிவிட்டுவிடுவேனோ போன்ற வேண்டாத எண்ணங்கள் நோய் இல்லாதவர்களிலும் பெரும்பாலானோருக்கு வருகின்றனவாம். அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் பஸ்ஸில் தூங்கிவிடுகிறார்கள். நம்மைப்போன்றவர்கள்தான் அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பதில் சொல்கிறோம்.

அதே டி சில்வா, மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சூத்திரத்தில் புத்தர் சொல்லும் ஐந்து வழிகளை இன்றைய சிகிச்சையோடு ஒப்பிட்டும் எழுதியிருக்கிறார். வேறு நல்ல எண்ணத்துக்கு மாறுவது, கண்டுகொள்ளாமல் விடுவது என்று போய், எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக, பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணத்தை நசுக்குவது. நான் நேரே கடைசிக்குப் போனேன். நசுக்க நசுக்க கேஸ் சிலிண்டர் மண்டைக்குள் பெரிதானதுதான் மிச்சம். கூடவே கடைவாயில் வலி.

என் நோய்க்குச் சம்பளமில்லாமல் அதிகம் வேலை பார்த்தவர் மனைவி. "பூட்டியாச்சா?" என்று கேட்பேன். "பூட்டியாச்சுங்க" என்பார். அந்தப் பதில் நோர்வூட் வரைக்கும் தாங்கும். அங்கிருந்து ஃபோன். ஒருநாள் பொறுமை போய்விட்டது: "இல்லீங்க. பூட்டல. தொறந்துதான் கெடக்கு. திருடன் வந்தா அந்தப் பழைய டீவியை அவனாவது தூக்கிட்டுப் போகட்டும்."

பின்னால் படித்துப் பார்த்தால், கிட்டத்தட்ட இதற்குத்தான் வைத்தியம் என்று பெயர். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் அறையில் தண்ணீர்க் குழாயையே அடைத்துவைத்தார். பயத்தின் முன்னால் நிற்க வேண்டும், ஆனால் கழுவக்கூடாது, செக் பண்ணக்கூடாது, யாரிடமும் கேட்கவும் கூடாது. பதற்றம் ஏறும், அதை அப்படியே விட்டுவிட்டால் தானாக இறங்கும். இன்றைக்கும் ஓசிடிக்கு முதல் வரிசைச் சிகிச்சைகளில் ஒன்று இதுதான். வறட்சி மாசங்களில் எங்கள் தோட்டத்துக் குழாய்கள் மேயர் இல்லாமலே இந்தச் சிகிச்சையை நடத்துகின்றன. யாரும் குணமானதாகத் தெரியவில்லை.

இப்போது சின்னதிலிருந்து பழகுகிறேன். கதவை ஒருதரம் பூட்டுகிறேன், இழுத்துப் பார்ப்பதில்லை. டிக்கோயா வரும்போது வயிறு கலங்கும். "திறந்திருக்கலாம், இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பல நாள் ஹட்டன் வரை போய்விடுகிறேன். சில நாள் டிக்கோயா கண்டக்டரின் டிக்கெட் வீணாவதில்லை.

உங்களுக்கும் இப்படி என்றால், நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் இதிலேயே போகிறது என்றால், என்னைப்போலப் புத்தகம், கயிறு, போட்டோ என்று சுற்றாமல் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். பழகிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள், மருந்தும் இருக்கிறது. போக வெட்கமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு ஒரு கோல் எடுங்கள். நம்பரை நான் திரும்பத் திரும்பச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். நீங்களும் பார்க்க வேண்டாம்.