வண்டி மேல் வண்டி

ஈப்போவில் இவரை அடையாளம் காண்பது எளிது. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். இபிஎஃப் சேமநிதிப் பணம் கைக்கு வந்த சூட்டோடு பழைய நிசான் வெனட் வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் போட்டு, கட்டில், கேஸ் அடுப்பு, குட்டி ஐஸ்பெட்டி, மின்விசிறி, பிள்ளையார் படம் எல்லாம் வைத்து ஓடும் வீடாக்கியிருப்பார். இன்றைய மலேசியாவில் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பள்ளி விடுமுறையில் லூமுட் கடற்கரைப் பக்கம் போனால் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கலாம். அதிசயம் வேனின் முதுகில் இருக்கிறது: இரும்புச் சட்டத்தில் ஏற்றி, ஏழெட்டுக் கயிறு போட்டுக் கட்டிய ஒரு ஹோண்டா ஈஎக்ஸ்5. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "என்னண்ணே, மோட்டாருக்கும் லீவு கொடுத்துட்டீங்களா?" என்பார். அண்ணன் சிரிக்க மாட்டார். கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். மோட்டாரைச் சுமப்பவருக்குக் கடைசி முடிச்சு விழுந்த பிறகுதான் சிரிப்பு வரும்.

ஊர் இவரை வேடிக்கை மனிதர் என்கிறது. எனக்கென்னவோ அந்தத் தெருவிலேயே கணக்கு ஒழுங்காகத் தெரிந்தவர் இவர்தான் என்று படுகிறது. இவர் வீட்டுக்குத் துணையாக மோட்டாரைக் கொண்டுபோவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஈஎக்ஸ்5 போகவேண்டிய இடத்துக்கு இவர் வீட்டையும் இழுத்துக்கொண்டு போகிறார். பயணத்தின் தலைவர் பின்னால் தொங்குகிறார். வேன் வெறும் எடுபிடி. இவர் எங்கே போகிறார் என்று பார்த்தால் இது விளங்கும். பேராக் தமிழர்களில் பலரிடம் பூர்வீகம் எது என்று கேட்டால் சுங்கை சிப்புட், பீடோர், சுங்கை, சிலிம் ரிவர் பக்கம் ஏதாவதொரு தோட்டத்தின் பெயர் வரும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கிய காலத்தில், சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். அப்படியும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது; லயங்கள் இடிந்தன; சனங்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் மெங்லெம்புவுக்கும் குடிபெயர்ந்தார்கள். பல இடங்களில் மிஞ்சியது செம்பனைக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோவில். ஆண்டுக்கொரு முறை அம்மன் கூப்பிடுகிறாள். போகாமல் இருக்க முடியுமா?

போகிற பாதைதான் விஷயம். பெரிய ரோட்டிலிருந்து தார் ரோடு, அதிலிருந்து செம்மண் தடம், தடத்தின் வாயிலில் குறுக்குக்கட்டை, கட்டைக்குப் பக்கத்தில் காவல்காரர். செம்பனைக் குலைத் திருட்டு நடக்கிற ஊரில், பின்பக்கம் மூடிய ஒரு பழைய வேன் தோட்டத்துக்குள் நுழைந்தால் காவல்காரர் என்ன நினைப்பார்? கட்டிலையும் பிள்ளையாரையும் காட்டி நிரூபிக்கவேண்டி வரும். அதே ஆள் ஈஎக்ஸ்5-இல், ஹேண்டிலில் பூமாலைப் பை தொங்க வந்தால், கட்டை தானாகத் தூக்கப்படும். உள்ளே போனால் கால்வாய்மேல் இரண்டு பலகை போட்ட பாலம் வேறு. அந்தப் பாலத்துக்கு வேனின் எடை தெரியாது, தெரியவும் வேண்டாம். கேமரன் மலையிலும் இதே கதைதான். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு வளைந்து வளைந்து ஏறும் அறுபது கிலோமீட்டரை வேன் மூச்சிரைக்கக் கடந்துவிடும். ஆனால் விடுமுறை நாளில் பிரிஞ்சாங் நெரிசலில் மாட்டினால் சோற்றை ஆக்கி, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி முடிக்கலாம். வசதியாக வீடும் அங்கேயே நிற்கிறது.

அரசாங்கமும் ஒருவகையில் இவர் பக்கம். 150 சிசிக்கு உட்பட்ட மோட்டாருக்கு ஆண்டுக்கு 2 ரிங்கிட்டாக இருந்த சாலை வரியையும் 2022 முதல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அதற்கு டோலும் இல்லை. பினாங்குப் பெர்ரியைப் பாருங்கள். 2021 தொடக்கத்திலிருந்து அதில் கார் ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய பெர்ரிகளும் ஆட்களையும் மோட்டார்களையும் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. வேன்காரர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதுதான். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்றார்கள் பெரியவர்கள். பட்டர்வொர்த்தில் ஓடமேறும் தகுதி இன்று சின்ன வண்டிக்குத்தான்.

ஆகவே மோட்டார் வேண்டும். அதை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் எனக்கும் அண்ணனுக்கும் தகராறு. அவருக்குப் பிடித்தது பின்பக்கச் சட்டம்; அதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஈஎக்ஸ்5 கிட்டத்தட்ட 100 கிலோ. வேனின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்குகிறது. பள்ளிக்கூட நெம்புகோல் கணக்குப்படி பின் அச்சில் ஏறுவது 100 அல்ல, 160 கிலோ. அந்த மிச்ச 60 முன் சக்கரங்களிலிருந்து கழிந்து வருகிறது. சட்டத்தின் இரும்பை இன்னும் சேர்க்கவில்லை. முன்பக்கம் இலேசானால் ஸ்டீரிங்கும் இலேசாகும், பிரேக்கும் சரியாகக் கடிக்காது. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப் பக்கத்து இறக்கத்தில், பின்னால் டிரெய்லர் லாரி உறுமிக்கொண்டு வரும்போது, இந்த இலேசு ரசிக்கும்படி இருக்காது. போதாக்குறைக்கு மோட்டார் வேனின் நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் மறைத்துக்கொண்டு நிற்கும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஜேபிஜேகாரர் நிறுத்தினால் பூமாலைப் பை உதவாது.

கட்டுவதிலும் ஒரு குறை. கயிறு போதாதென்று அண்ணனுக்குச் சைக்கிள் டியூப்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. அப்பாவும் அம்மாவும் வெட்டிய பாலில் வந்த சரக்கு. அதைக் குறை சொன்னால் பரம்பரையையே சொன்ன மாதிரி. ஆனால் டியூப் இழுபடும். பள்ளத்தில் வேன் குதித்தால் மோட்டார் அதைவிட உயரமாகக் குதிக்கும். இழுபடாத நாடாப் பட்டையை நான்கு மூலைக்கும் விரித்துக் கட்டி, முன் ஷாக் அப்சார்பர் பாதி அமுங்கும்வரை இறுக்குவதே முறை. தனி டிரெய்லர் வைத்து இழுக்கலாமே என்பார்கள். தத்துவப்படி சரி; எடை அதன் சொந்தச் சக்கரத்தில் போகும். ஆனால் அதற்குத் தனிப் பதிவு, தனி நிறுத்துமிடம், ரிவர்ஸ் எடுக்கத் தனிப் பொறுமை. மூன்றாவதற்குப் பஞ்சமுள்ள ஊர் இது. டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருப்பவருக்குக் கவலையே இல்லை: மோட்டார் பின்னால், கூடாரம் மேலே. வேன்காரருக்கு என் சிபாரிசு, மோட்டாரை உள்ளே ஏற்றுவது. வேனின் நடுவில், அச்சுகளுக்கு இடையில் எடை உட்காரும். ஓடும்போது மோட்டாரின் இடம், நின்ற பிறகு மனிதரின் இடம். இருவரும் ஷிப்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டில் மடக்கக்கூடியதாக இருக்கட்டும். பெட்ரோல் ஆவியோடு கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவோ தூங்கவோ கூடாது என்பதால், மோட்டாரை இறக்கிய பிறகுதான் வீடு வீடாகும்.

இறக்கினால் திருடிவிடுவார்களே என்பது அண்ணனின் ஆட்சேபம். நியாயம், ஈஎக்ஸ்5-க்கு நம்மிடம் இருக்கும் மரியாதை திருடரிடமும் இருக்கிறது. சங்கிலி போட்டு வேனின் சக்கரத்தோடு பூட்டலாம். இரவில் நான்கு முறை எழுந்து பார்ப்பதை யாராலும் தடுக்க முடியாது. பின்பக்கச் சட்டத்தில் கட்டியிருந்தாலும் எழுந்திருப்பார். போகிற இடத்தில் வாடகைக்கு எடுத்தால் என்ன என்பார்கள் மருமகப்பிள்ளைகள். பங்கோர் தீவில் கிடைக்கும். பாதியில் காணாமல் போன தோட்டத்தில் யார் கடை வைத்திருக்கிறார்? மோட்டாரிலேயே நேராகப் போகக் கூடாதா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. இளைஞருக்குச் சரி. அறுபதை எட்டியவர், பின்னால் அண்ணி, மடியில் பொங்கல் பானை, மாலையில் ஈப்போவுக்கே உரிய அடைமழை என்று சேர்த்துப் பார்த்தால், கூரையோடு போவது ஆடம்பரம் ஆகாது. அந்த மோட்டாரும்தான் ஒரு காலத்தில் கேஸ் தோங், அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூவர், சில தீபாவளிகளில் ஓர் ஆடு என்று அத்தனையையும் சுமந்தது. இப்போது அது சுமக்கப்படுவதைப் பார்த்துச் சிரிப்பவர் அந்தப் பிள்ளைகள் மூவரில் ஒருவராக இருக்கவும் கூடும்.

பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் ஒன்றே ஒன்று: ஏற்றுவது யார்? வேனின் தரை எழுபது சென்டிமீட்டர் உயரம், பலகை இரண்டு மீட்டர் நீளம் என்றால், தள்ளுகிற கைக்குத் தெரியும் பாரம் முப்பத்தைந்து கிலோ. முப்பது வயதில் ஒரு கை வேலை; முட்டிவலித் தைலம் வாசம் வீசும் வயதில் இரண்டு ஆள் வேலை. ஆகவே அண்ணன் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போவார். பையன் நல்ல பிள்ளை. தள்ளுவான், கட்டுவான், இறக்குவான். இறக்கியதும் "மாமா, டவுனுக்குப் போய்ச் சாப்பாடு தாப்பாவ் பண்ணிக்கிட்டு வந்துர்றேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு ஈஎக்ஸ்5-இல் பறந்துவிடுவான். குறுக்குக்கட்டைக்கு வெளியே வேன். கட்டைக்கு உள்ளே இரண்டு கிலோமீட்டரில் கோவில். பூசை ஏழு மணிக்கு. கட்டில், அடுப்பு, ஐஸ்பெட்டி, மின்விசிறி சூழ அண்ணன் உட்கார்ந்து, எடுக்கப்படாத போனுக்கு ஆறாவது முறையாக அடித்துக்கொண்டிருப்பார்.