ஊரடங்குக் காலத்து ஃப்ரீசர்: கொள்ளளவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் கொள்ளளவை லிட்டரில் போட்டிருப்பார்கள். ஒற்றைக் கதவு, 190 லிட்டர் என்றால் ஃப்ரீசருக்கு விழும் பங்கு சுமார் 15 லிட்டர். விற்பவரும் வாங்குபவரும் இந்த எண்ணைச் சந்தேகித்ததாகத் தெரியவில்லை. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவித்த பிறகுதான் அது முறையான சோதனைக்கு உள்ளாயிற்று. சோதனைக்கூடம், லட்சக்கணக்கான சமையலறைகள். காலம், ஏறக்குறைய ஆறு மாதம். அதிலிருந்து பெறப்படும் முடிபு இதுதான்: வீட்டு ஃப்ரீசரின் கொள்ளளவை லிட்டரால் அளக்க முடியாது, நிரப்பியவரின் ஞாபகத்தால்தான் அளக்க வேண்டும். உள்ளே இருப்பவற்றில் எத்தனை பொட்டலம் இன்னதென்று அவரால் சொல்ல முடிகிறதோ, அத்தனைதான் கொள்ளளவு. மிச்சமெல்லாம் வாடகை தராமல் குடியிருப்பவை. இதை நிறுவுவதும், எழக்கூடிய மறுப்புகளுக்கு விடை கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாறு. சென்னையின் முதல் ஃப்ரீசர் ஒரு கட்டடம். மெரினாவுக்கு எதிரே 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அது. பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடரின் நிறுவனம், மாசசூசெட்ஸ் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, வழியில் உருகியது போக மிச்சத்தை இங்கே இறக்கி வைத்தது. பின்னாளில் இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் ஓய்ந்தது. 1897இல் விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடத்துக்கு இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆய்வுக்கு வேண்டிய குறிப்பு வேறு. அத்தனை பெரிய கட்டடத்துக்குள் இருந்த சரக்கு ஒன்றே ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் காவல்காரர் யோசிக்க வேண்டியதில்லை. ஊரடங்குக்கு முந்தைய வீட்டு ஃப்ரீசரும் ஏறக்குறைய இந்த மரபில்தான் நடந்துவந்தது. ஐஸ் டிரே, தேங்காய்த் துருவல் டப்பா, அவசரத்துக்கு ஒரு பால் பாக்கெட், விருந்தாளிக்கென்று வாங்கி வீட்டாரே தின்னும் ஐஸ்கிரீம், ஆக நான்கு. நான்கு பொருளை மறப்பது யாருக்கும் கடினம். லிட்டர்க் கணக்கும் ஞாபகக் கணக்கும் ஒத்துப்போனதால், எது உண்மையான அளவு என்ற கேள்வி எழவே இல்லை.

ஊரடங்கு இந்தச் சமநிலையைக் குலைத்தது. அது ஒரே அறிவிப்பாக வந்திருந்தால் ஃப்ரீசரும் ஒரே தடவையில் நிரம்பி நின்றிருக்கும். ஆனால் அது தவணை தவணையாக வந்தது. ஃப்ரீசரும் தவணை தவணையாக நிரம்பியது. மார்ச் கடைசியில் பால் பாக்கெட்டும் பட்டாணியும் போயின. ஏப்ரல் 15இல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அதற்கு முன் கையில் சிக்கிய சங்கராவும் வஞ்சிரமும் அடுத்து நுழைந்தன. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள்; கூட்டம் சேரக் கூடாது என்பதற்கான அந்த அறிவிப்பு, 25ஆம் தேதி ஊரையே காய்கறிக் கடை வாசலில் சேர்த்தது. மே 5இல் கோயம்பேடு சந்தையை மூடி, பிறகு திருமழிசைக்கு மாற்றினார்கள். நறுக்கிய பீன்ஸும் கேரட்டும் கவர் கவராக உள்ளே போயின. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு அடைப்பு. ஜூலை, ஆகஸ்ட் ஞாயிறுகளில் தளர்வே இல்லாத ஊரடங்கு என்றதால் ஞாயிற்றுக்கிழமை மட்டனைச் சனிக்கிழமையே வாங்க வேண்டியிருந்தது. ஆகவே ஆகஸ்ட் மாத ஃப்ரீசரில் முன்வாசலில் மட்டன், அதன் பின்னே ஜூன், அதற்கும் பின்னே ஏப்ரல், பின்சுவரோடு பனியில் ஒட்டிப்போய் மார்ச். கீழடியில் குழி தோண்டுகிறவர்களுக்கு மண் அடுக்கு பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும் என்ற வசதியாவது உண்டு. இங்கே ஐஸ்கிரீம் தேடும் ஒரு கை போதும், எல்லாக் காலமும் கலந்துவிடும்.

இனி முதன்மை வாதம். உறைந்த பொட்டலம் இன்னதென்று அறிய நம் மரபு மூன்று அளவைகளைத் தருகிறது: காண்டல், கருதல், உரை. மூன்றையும் ஃப்ரீசர் வாசலில் நிறுத்திப் பார்க்கலாம். முதலில் தோற்பது காண்டல். கதவைத் திறக்கும்போதெல்லாம் சென்னையின் ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த பரப்பில் எல்லாம் வெண்பனியாகப் படிகிறது. சில வாரங்களில் எல்லாக் கவரும் ஒரே நிறம். மூக்கும் கைகொடுக்காது, ஒரு பொருள் மணக்க அதிலிருந்து ஏதாவது ஆவியாகி மூக்குவரை வந்தாக வேண்டும், அந்தக் குளிரில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தொட்டுப் பார்த்தாலோ மட்டனும் கல், மல்லிச் சட்னியும் கல். அடுத்தது கருதல். புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பது தர்க்கப் பாடத்தின் முதல் எடுத்துக்காட்டு. ஃப்ரீசரைத் திறந்தால் புகை வருகிறது, நெருப்பு இல்லை. ஆக அனுமானம் வாசற்படியிலேயே வழுக்கி விழுகிறது. எழுந்து உள்ளே போனாலும் கதி அதுதான். டப்பாவில் வெனிலா என்று எழுதியிருப்பதால் உள்ளே வெனிலா என்று கருதி, கரண்டியும் கிண்ணமுமாக வரும் பிள்ளை மூடியைத் திறக்கிறது. கண்ணில் படுவது உறைந்த வத்தக்குழம்பு. நல்லெண்ணெய் ஓரமெல்லாம் வெளிறிக் கட்டியிருக்க, நடுவில் ஒரு சுண்டைக்காய் பாதி மூழ்கி நிற்கிறது. தமிழ் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் ஐஸ்கிரீமுக்கும் உள்ள உறவு வாங்கிய வாரத்தோடு முடிந்துவிடுகிறது என்பதை அனுமானம் அறியாது. எஞ்சுவது உரை. “அம்மா, இது என்ன?” என்றால், அடுப்பைவிட்டு முகம் திருப்பாமலே, “போன மாசம் அரைச்ச புதினா. எடுக்காத, வை” என்று வரும் ஆப்த வாக்கியம் அது. அந்த வாக்கு என்றைக்கு “என்னவோ தெரியலை, இருந்த இடத்துலயே வை” என்று மாறுகிறதோ, அன்றே அந்தப் பொட்டலம் கொள்ளளவிலிருந்து நீங்கிவிடுகிறது, இடத்தைவிட்டு நீங்காமல். மூன்று அளவைகளில் மிஞ்சுவது உரை ஒன்றே, அந்த உரைக்கு ஆதாரம் ஞாபகமே என்பதால், ஞாபகமே கொள்ளளவு என்பது பெறப்பட்டது.

மின்சாரத்துக்கு முந்தைய சேமிப்பு முறைகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். உப்பும் வெயிலும் பொருளிலிருந்து நீரை வெளியேற்றுகின்றன; ஃப்ரீசர் அதே நீரை உள்ளேயே பனியாக்கிச் சிறைவைக்கிறது. இரண்டிலும் கிருமிகளுக்கு நீர் கிடைக்காமல் போவதுதான் சூத்திரம். ஆனால் கருவாடு தான் யார் என்பதை மூன்றாம் வீடுவரை அறிவிக்கும். மோர்மிளகாயைப் பார்த்து மணத்தக்காளி வற்றல் என்று யாரும் சொன்னதில்லை. நார்த்தங்காயும் மாவடுவும் ஆளுக்கொரு ஜாடியில் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. உப்புக்கண்டம் கயிற்றில் கோத்து எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. பழைய முறைகள் பொருளைக் காத்ததோடு அதன் அடையாளத்தையும் கூட்டிக் காட்டின. அதனால் ஞாபகத்துக்கு வேலை இல்லாமல் இருந்தது. ஃப்ரீசரோ பொருளைக் காத்துவிட்டு அடையாளத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கியதைத் தாங்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் தலையில் கட்டுகிறது. அந்த ஒருவர் யார் என்பதற்குத் தனி ஆய்வு வேண்டாம்.

இதற்கு முதல் மறுப்பு, லேபிள் ஒட்டினால் தீர்ந்தது என்பது. ஈரக் கவரில் பால்பாயிண்ட் பேனா எழுதாது, எழுதி ஒட்டிய தாள் குளிரில் கழன்று எங்கோ விழும், கழன்ற லேபிள் வேறு கவரில் போய் ஒட்டிக்கொண்டால் லேபிளே இல்லாததைவிட மோசம். இவையெல்லாம் சில்லறைத் தடைகள். இவற்றை வென்றுவிட்டதாகவே கொள்வோம். “மீன், சனி” என்று அழகாக எழுதி ஒட்டிய கவர் கிடைக்கிறது. எந்தச் சனி? கிழமைகளே ஒன்றோடொன்று கலந்துபோன அந்த மாதங்களில் இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் வீட்டில் இல்லை. மேலும், லேபிள் எழுதுவது நிதானமானவர் வேலை. ஃப்ரீசரை நிரப்பியது பதற்றம். நாளை கடை இல்லை என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் வாங்கி வந்தவர், உட்கார்ந்து கத்தரிக்கோலும் பசையும் தேடுவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு மாறானது.

இரண்டாவது, மறந்தால் என்ன, கெட்டுப்போகாதே என்பது. மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் சாவதில்லை, ஆனால் பெருகுவதும் இல்லை என்பது உண்மைதான். உருக்கும்போது விழித்துக்கொள்ளும், அவ்வளவே. ஆனால் கெடாமலிருப்பது வேறு, சாப்பிடத் தகுந்ததாக இருப்பது வேறு. 1912க்குப் பின் சில ஆண்டுகள் இன்றைய கனடாவின் லாப்ரடாரில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அங்கத்திய கடுங்குளிரில் நொடியில் உறைந்த மீன் உருக்கிய பின்னும் சுவை மாறாதிருந்ததைக் கவனித்தார். வேகமாக உறைந்தால் பனித்துகள் சிறியதாக அமைகிறது. மெதுவாக உறைந்தால் பெரியதாக வளர்ந்து திசுக்களைக் கிழிக்கிறது. பேர்ட்ஸ்ஐ இதை வைத்துத் தொழிலே தொடங்கினார். நம் வீட்டு ஃப்ரீசர் இரண்டாவது வகை. தண்ணீர் பனியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது; அதனால்தான் உருகிய தக்காளி ஊறிப்போன காகிதம்போல் தொங்குகிறது. கவர் சரியாக மூடாத மட்டனின் ஓரத்தில் பனி நேரே ஆவியாகி, சதை சாம்பல் நிறத்தில் வறண்டுபோகிறது. மறந்த பொட்டலம் ஆகவே விஷமும் இல்லை, விருந்தும் இல்லை. தூக்கி எறிய நியாயம் போதாமல், சமைக்க மனம் வராமல், நிரந்தரவாசி ஆகிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு சற்றே வலுவானது: நிரம்பிய ஃப்ரீசர்தான் மின்வெட்டைத் தாங்கும். கதவைத் திறக்காமலிருந்தால் நிரம்பியது சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிர் காக்கும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. ஒரு கிராம் பனி உருக சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும் என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் இந்தப் பயனுக்கு மட்டன் தேவையில்லை, பட்டாணியும் தேவையில்லை. பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அடுக்கினால் போதும். தண்ணீருக்கு லேபிளும் வேண்டாம், ஞாபகமும் வேண்டாம். மறுப்பு என்று வந்தது, ஆராய்ந்து பார்த்தால் நம் கட்சிக்கே சாட்சி சொல்கிறது.

நான்காவது, இது அற்ப விஷயம் என்பது. 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்து அகல் ஏற்றப் பிரதமர் சொன்னபோது, விளக்கை மட்டும் அணைத்தால் போதும், ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டாம் என்று மத்திய மின் அமைச்சகமே விளக்கம் தந்தது. நாடு அகல் ஏற்றி நின்றது, நாட்டின் மின்தேவை சுமார் 32,000 மெகாவாட் சரிந்தது, ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அரசே விலக்களித்த ஒன்றை அற்பம் என்பது எப்படி? இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வியைச் சிரிப்பில்லாமல் எதிர்கொள்ள வேண்டும். அப்போது நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஃப்ரிட்ஜே இருக்கவில்லை. அன்றைய கூலியில் அன்றைக்கு வாங்கிச் சமைக்கும் வீட்டில், நான்கு நாளுக்கு வெளியே வராதீர்கள் என்ற கட்டளைக்கு இடமில்லை. அதற்குப் பணமும் வேண்டும், பதினைந்து லிட்டர் குளிரும் வேண்டும். அந்தக் கட்டளையை எழுதியவர்கள் மனத்தில் எல்லோர் வீட்டிலும் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்திருக்கிறது. ஃப்ரீசரில் என்ன இருக்கிறது என்பதை மறக்கும் வசதியும் ஒரு சொத்துதான். அதை வைத்திருந்தவர்களைப் பற்றியதே இந்த ஆராய்ச்சி என்பதை வரம்பாகக் குறித்துக்கொள்வது நேர்மை.

முடிபாகச் சில விதிகள். ஃப்ரீசரில் ஏழு வகைக்கு மேல் வைக்கலாகாது; எட்டாவது வர வேண்டுமானால் முதல் ஏழில் ஒன்று அன்றைய குழம்பில் முடிய வேண்டும். ஒரு வகையை எத்தனை கவர் வேண்டுமானாலும் வைக்கலாம், ஐஸ் ஹவுஸ் அதற்கு முன்னுதாரணம். பொட்டலத்தைத் தட்டையாகப் பரப்பி உறைய வைப்பது நல்லது. சீக்கிரம் உறையும், புத்தகம்போல் நிற்கும். பின்சுவரில் ஒட்டியதைக் கத்தியால் குத்தி எடுக்கவே கூடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் அந்தச் சுவருக்குள்தான் வாயுக் குழாய் ஓடுகிறது; மார்ச் மாதப் பட்டாணிக்காக ஃப்ரிட்ஜையே இழந்தவர் ஆகிவிடுவோம். வீட்டில் எவராலும் பெயர் சொல்ல முடியாத பொட்டலத்தை மாதம் ஒருமுறை உருக்கிப் பார்த்து அன்றே தீர்ப்பு எழுத வேண்டும், ஒத்திவைப்பு இல்லை. ஐஸ் டிரேக்கு மட்டும் இவ்விதிகளிலிருந்து விலக்கு உண்டு, அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால். டிரேயில் எலுமிச்சைச் சாறும் இஞ்சி விழுதும் ஊற்றி வைத்திருப்பவர்கள் இந்த விலக்கைக் கோர முடியாது.