சுரைக்காய்ச் சுழற்சி: மாடித் தோட்டக்காரரின் மைல்கற்கள் குறித்து ஓர் ஆய்வு

மாடித் தோட்டம் பற்றி நான் படித்த கட்டுரைகள் அத்தனையும் வேப்பம்புண்ணாக்கில் தொடங்கிப் பஞ்சகவ்யத்தில் முடிகின்றன. மண்கலவையில் தென்னைநார்க் கழிவு எத்தனை பங்கு, அசுவினிக்கு எதைத் தெளிப்பது, ஆடிப்பட்டத்தில் எதை ஊன்றுவது என்று வரிசையாகச் சொல்கிறார்கள். காய் காய்க்கிறது, கட்டுரையும் முடிந்துவிடுகிறது. காய்த்த பிறகு அந்தக் காய் எங்கே போகிறது, போகிற வழியில் யார் வீட்டுக் கதவு திறக்கிறது, யார் வீட்டுக் கதவு திறப்பதில்லை என்று எழுதியவர் ஒருவரையும் காணோம். அறிவுலகின் இந்த ஓட்டையை அடைக்கவே இந்தச் சிறு முயற்சி.

ஆய்வுக்களம், சென்னையின் தென்புறத்தில் 4 மாடியும் 16 வீடும் கொண்ட ஓர் அடுக்ககம். ஆய்வாளன் மேல்மாடிக்காரன், வங்கியில் 31 வருஷம் பிறர் கணக்கைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். நிதியுதவி, ஓய்வூதியம். அறநெறி ஒப்புதல் மனைவியிடம் கோரப்பட்டது. “என்னவோ பண்ணுங்க” என்ற பதில் ஒப்புதலாகவே பதிவு செய்யப்பட்டிருக்கிறது.

நிலத்தைத் திணை திணையாகப் பிரித்த நம் முன்னோர் மொட்டை மாடியை விட்டுவிட்டார்கள். ‘ஆறாம் திணை’ என்ற பெயரை ஏற்கெனவே பலர் பலதுக்கும் வைத்துவிட்டதால் இதை மாடித்திணை என்றே அழைக்கிறேன். நிலம், மொட்டை மாடியும் மாடி சார்ந்த தண்ணீர்த் தொட்டியும். பெரும்பொழுது ஆடி, சிறுபொழுது, மோட்டார் போடுகிற காலை 6 மணி. விலங்கு அணில். உணவு, அணில் மிச்சம் வைத்த தக்காளி. பறை, தொட்டி நிரம்பி வழியும்போது கீழ்வீட்டிலிருந்து எழும் கூச்சல். உரிப்பொருளில்தான் சறுக்கினேன். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என்பதுபோல இதற்கு ‘விளைத்தல்’ என்று குறித்து வைத்திருந்தேன். பிற்பாடு அதை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டியதாயிற்று.

மாடித்திணையின் முதல் வழக்கு கொடி வழக்கு. எங்கள் மாடியில் துணி காயப்போடும் கொடியும் உண்டு, சுரைக்கொடியும் உண்டு. தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டதால், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யார் எந்தக் கொடியை அகற்றச் சொல்கிறார் என்பது விளங்கவே அரைமணி நேரம் பிடித்தது. சுரையின் பற்றுக்கம்பி ஒன்று மூன்றாம் மாடி மாமியின் ஒன்பது கஜத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டுவிட்டது என்பதே புகார். நான் பாரியை இழுத்தேன். பற்றுக்கோடில்லாமல் காற்றில் ஆடிய முல்லைக்குப் பறம்புமலையில் ஒரு தேரையே பந்தலாக விட்டுவிட்டு நடந்து போனான். இங்கே ஒரு புடவைதானே என்றேன். “அது அவரோட சொந்தத் தேர் சார்” என்றார் செயலாளர். சட்டப்படி அசைக்க முடியாத வாதம். பாரி பராமரிப்புக் கட்டணம் கட்டியதாகத் தகவல் இல்லை என்பதை என் குறிப்பேட்டில் மட்டும் எழுதிக்கொண்டேன்.

இனி மைல்கற்கள். முதல் முளை ஒரு மைல்கல் என்று சிலர் கருதுகிறார்கள். எதன் முளை என்று கேட்க வேண்டும். வெந்தயம் ஈரத்துணியில் போட்டாலே முளைக்கும். அதைச் சாதனையில் சேர்ப்பது தண்ணீர் கொதித்ததைச் சமையலில் சேர்ப்பது மாதிரி. கொத்தமல்லி கொஞ்சம் மரியாதைக்குரியது. தனியா ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதை. தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டுவிட்டு, முளைக்குமா முளைக்காதா என்று இரண்டு வாரம் வரை மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மாவுப்பூச்சி வந்ததும் ஒரு மைல்கல்தான். பப்பாளி மாவுப்பூச்சியை ஒடுக்க 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்த நாடு நம்முடையது. என் செம்பருத்திக்கு சோப்புத் தண்ணீர்தான் கிடைத்தது.

தக்காளியை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பெரியகுளத்து பி.கே.எம். 1 ரகம். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால், வண்டு வராவிட்டாலும் காலையில் செடியை மெல்ல உதறிவிட்டால் காய் பிடித்துவிடும். பிடித்தது. வளர்ப்புப் பை, மண்கலவை, நிழல்வலை, பூவாளி எல்லாம் சேர்த்து முதல் தக்காளியின் அடக்கவிலை 412 ரூபாய் என்று கணக்கு முடித்துவிட்டு, பேரேட்டை மூடி வைத்துச் சமையலறைக்குப் போனேன். “அதுவா? ரசத்துல போட்டுட்டேனே” என்றாள் மனைவி. ரசம் நன்றாக இருந்தது. ஆனால் மைல்கல் எங்கே? யாரும் பார்க்கவில்லை, யாரிடமும் காட்டவில்லை, கரைந்துவிட்டது. இரண்டாம் தக்காளியை எவர்சில்வர் தட்டில் வைத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். “உங்க மாடியிலயா சார்? நம்பவே முடியலையே!” என்றார்கள். அந்த நொடிதான் முதல் மைல்கல். தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் சுரை நுழைகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முன்னோர் வாக்கு. இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும் என்பதை ஒத்துக்கொண்டே மேலே செல்கிறேன்.

சுரை சாமானியக் காய் அல்ல. பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கண்டத்தில் அது புழங்கியதற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. முற்றிய காய் கடலில் மிதந்தே அக்கரை சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிய காய்க்கு நான்கு மாடிப்படி எம்மாத்திரம் என்பதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

முதலில் வாரக்கணக்கில் ஆண்பூவாகவே பூத்தது. கோளாறு ஒன்றுமில்லை, சுரைக்கு அதுதான் வழக்கம். ஆண்பூவுக்கு நீண்ட காம்பு. பெண்பூவின் அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு குட்டிச் சுரைக்காய் ரோமத்தோடு உட்கார்ந்திருக்கும்; அதை வைத்துத்தான் அடையாளம். பூ விரிவது பொழுது சாய்ந்து. அந்துப்பூச்சி வந்தால் சரி, வராவிட்டால் தோட்டக்காரன்தான் அந்துப்பூச்சி. தினமும் மாலை ஆறரைக்கு ஆண்பூவைப் பறித்து, வெள்ளை இதழ்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவிக்கொண்டிருந்தேன். காய்ந்த துணி எடுக்க வந்த இரண்டாம் மாடிக்காரர், “என்ன சார் பண்றீங்க?” என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அதன் பிறகு அவர் மாலையில் துணி எடுக்க வருவதில்லை.

உழைப்பு வீண்போகவில்லை. வாரத்துக்கு நான்கு காய். வீட்டில் இரண்டு பேர். கூட்டு, அடை, தோசை என்று போய்க்கொண்டிருந்தது; மனைவி அல்வா கிண்டிய அன்றே விநியோகத்தைத் தொடங்கிவிட்டேன். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான் என்பார்கள். அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அரிய பொருளைக் கொடுப்பது வள்ளல் வேலை; மிஞ்சிய பொருளைக் கொடுப்பதற்கு வேறு திறமை வேண்டும்.

முதல் வாரம் எல்லாக் கதவும் திறந்தன. இரண்டாம் வாரம் காரணங்கள் வந்தன: “நேத்துதான் சார் வாங்கினோம்”, “பையனுக்குச் சளி, சுரைக்காய் குளிர்ச்சி”, “நாளைக்கு ஊருக்குப் போறோம்”. ஊருக்குப் போவதாகச் சொன்னவர்கள் மறுநாள் மின்தூக்கியில் காய்கறிப் பையோடு எதிரே நின்றார்கள். இருவரும் மேலே ஒளிரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தோம். மூன்றாம் வாரம் ஒரு முக்கியக் கண்டுபிடிப்பு. மாலை 7 மணிக்கு வாசலில் நிற்கும்போது உள்ளே தொலைக்காட்சித் தொடரின் அழுகை தெளிவாகக் கேட்கிறது. அழைப்பு மணியை அழுத்தியதும் சத்தம் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடுகிறது. கதவு மட்டும் திறப்பதில்லை. 16 வீட்டில் 7 வீட்டில் இதைப் பதிவு செய்தேன். எட்டாவது வீட்டில் ஒரு குழந்தை உள்ளேயிருந்து, “அம்மா, சுரைக்காய்த் தாத்தா!” என்று கத்தியது. பட்டம் கிடைப்பதும் மைல்கல்தானே, அதையும் குறித்துக்கொண்டேன்.

வாங்கிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? இதற்கு ஒரு காலக்கணிப்பு முறை தானாகவே அமைந்தது. சுரைக்காயைக் கையில் வாங்கும் எவரும் முதலில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பார்கள். நகம் பதிந்தால் பிஞ்சு. பதிந்த இடம் பிறைபோல ஈரமாக இருந்து, ஓரிரு நாளில் பழுப்பேறித் தழும்பாகிவிடும். ஆகவே ஒரு காயில் எத்தனை நகக்குறியோ அத்தனை கை மாறியிருக்கிறது. பழுப்பின் அடர்த்தியை வைத்து எந்தக் கை முந்தியது என்றும் சொல்லிவிடலாம். தொல்லியல்காரர்கள் கரியணுக் கணிப்புக்கு எத்தனை பாடுபடுகிறார்கள்! இங்கே ஒரு மூக்குக்கண்ணாடி போதும்.

இந்த முறையை முதலில் சோதித்த இடம் காவலாளியின் அறை. அங்கே கட்டிலுக்கு அடியில் ஐந்து சுரைக்காய்கள் படுத்திருந்தன. குறைந்தது இரண்டு நகக்குறி, அதிகபட்சம் நான்கு. “எல்லா வீட்லேருந்தும் குடுக்கறாங்க சார்” என்றார் அவர். “இனிமே குடுக்கறதுன்னா கூடவே கொஞ்சம் கடலைப்பருப்பும் குடுக்கச் சொல்லுங்க.”

பசிபிக்கின் டிரோபிரியாண்ட் தீவுகளில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி இந்தக் கைமாற்றையே கண்டு 1922-இல் எழுதினார். ‘கூலா’ என்று பெயர். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவு தீவாக வலச்சுற்றாகப் போகும். வெண்சிப்பிக் காப்புகள் இடச்சுற்றாக வரும். யாரும் எதையும் நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் அடுக்ககத்தில் சுரைக்காய் வலமாகவும் கறிவேப்பிலை இடமாகவும் சுற்றுகின்றன. மார்செல் மோஸ் 1925-இல் ‘கொடை’ பற்றி எழுதியபோது மூன்று கடமைகளைச் சொன்னார்: கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், திருப்பித் தர வேண்டும். கூடக் கொஞ்சம் காய்கறிக்கடைப் பக்கம் போயிருந்தால் நான்காவதையும் சேர்த்திருப்பார்: தள்ளிவிட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தரைத்தளத்துப் பெண் எங்கள் வீட்டு மணியை அழுத்தினார். எப்போதும் வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பவர். மின்தூக்கியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. கையில் ஒரு சுரைக்காய். “ஊர்லேருந்து வந்துச்சு சார். மருந்தே அடிக்காதது. நீங்கதான் அடிக்கடி எல்லாருக்கும் குடுக்கறீங்க, நாங்க ஒண்ணுமே குடுத்ததில்லையேன்னு...” என்றார். காயை வாங்கினேன். நான்கு நகக்குறிகள், நான்காவது இன்னும் ஈரம். காம்புக்கு அருகே, பந்தல் கயிறு உரசி ஏற்பட்ட விரல் நீளத் தழும்பு. அந்தத் தழும்பு வரக் காரணமான கயிற்றைக் கட்டியவன் நான். பதினொரு நாள் முன்பு இரண்டாம் மாடிக்குப் போன என் காய்.

சொல்லியிருக்கலாம். ஆய்வு நேர்மை என்று ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். எவர்சில்வர் தட்டோடு எதிர்வீட்டு வாசலில் நான் நின்ற நாளில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது. “ரொம்ப நன்றிம்மா, எங்க வீட்ல ரொம்பப் பிடிக்கும்” என்றேன். உள்ளேயிருந்து மனைவி இருமினாள். அன்று இரவுதான் குறிப்பேட்டில் ‘விளைத்தல்’ என்பதை அடித்துவிட்டு, ‘கொடுத்தலும் கொடுத்தல் நிமித்தமும்’ என்று எழுதினேன். மாடித்திணையில் அரிதாகிவருவது மண்புழுவோ தேனீயோ அல்ல, வாங்கிக்கொள்ளும் ஆள்.

ஆனால் புத்தி கேட்குமா? விதையில் இறங்கினேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் திருவிழாவில் ‘நெல்’ ஜெயராமன் பாரம்பரிய நெல்விதை 2 கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்லிவந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் மீண்டு வந்த வழி அது. வட்டிக் கணக்குப் பார்த்தே தலை நரைத்த எனக்கு அதைவிட அழகான கூட்டுவட்டி தெரியாது. ஒரு காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, ஓடு காய்ந்து, குலுக்கினால் கலகலக்கும் வரை காத்திருந்து உடைத்தேன். முதல் பத்து விதை மூன்றாம் மாடி மாமிக்கு. புடவை வழக்கில் சமாதானம் ஆனது மாதிரியும் இருக்கும். ஒரு பருவத்துக்கு ஒருவர் இன்னொருவரை உருவாக்க வேண்டும் என்பது நிபந்தனை. கணக்கு எளிது: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. நான்கே பருவத்தில் 16 வீட்டிலும் சுரை. ஐந்தாம் பருவத்தில் யார் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி கணக்குப் போடும்போது எழவில்லை.

மாமி பால்கனிக் கம்பியிலேயே கொடியை ஏற்றிவிட்டார். மாலையில் அவரே மகரந்தம் தடவுவதைக் கீழே நின்று பார்த்தவர்கள் உண்டு.

நேற்று மாலை 7 மணிக்கு எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவிலுள்ள கண்ணாடித் துளை வழியே பார்த்தேன். மாமி. கையில் மஞ்சள் பை. பையின் வாய்க்கு வெளியே பச்சையாக, வழவழவென்று, கழுத்து சற்றே வளைந்து. எனக்குப் பின்னால் மனைவி சோபாவில் கிடந்த ரிமோட்டை எடுத்து, சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தாள்.